முந்திச் சொல்லும் அண்ணை

கொலோன் நகரத்துத் தமிழரை எப்படி வேண்டுமானாலும் வகை பிரிக்கலாம். ஊர் பார்த்துப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள், கோயில் பார்த்துப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள், வந்திறங்கிய ஆண்டு பார்த்து, விசாவின் தவணை பார்த்து, கறிக்குப் போடும் தூளின் உறைப்புப் பார்த்துப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். என் கணக்கு அவ்வளவு சிக்கலானதல்ல. செய்தி கேட்பவர்கள் ஒரு வகை, செய்தி சொல்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்குள் ஒரு தனி இனம் இருக்கிறது. நடந்ததைச் சொல்வதில் அதற்கு நாட்டமில்லை. நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்லும், நடந்துகொண்டிருப்பதை முடிந்ததாகச் சொல்லும், கடைசியில் நடக்காமலே போய்விட்டால் "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லும். அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் முந்திச் சொல்லும் அண்ணை.

உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். தொலைபேசி மணி அடிக்கும், எடுத்தால் வணக்கம் இராது, சுகம் விசாரிப்பு இராது.

"டீவியைப் போடுங்கோ!"

"எந்தச் சனல் அண்ணை?"

"எதையெண்டாலும் போடுங்கோ, எல்லாத்திலயும் அதுதான் போகுது."

அவ்வளவுதான். வைத்துவிடுவார். இன்னும் இருபது வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே! நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்களா, குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தீர்களா என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? ஈரத்தலையோடு ஓடிவந்து தொலைக்காட்சியைப் போட்டால், ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கட்டடத்துக்கு வெளியே, ஒரு நிருபர் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'உள்ளே என்ன நடக்கிறது என்று இன்னும் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு வாய்த்தவர் ஜேசுரட்ணம் அண்ணை. நான் இருக்கும் கட்டடத்தில் எனக்கு மேல் மாடி. மன்னார்க்காரர். பாண் தொழிற்சாலையில் அதிகாலை வேலை, மதியத்துக்கு மேல் வீட்டில்தான். மனைவி பிறேமா அக்கா ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிறார். ஒரே மகள் சுஜீவா. நல்ல குடும்பம், நல்ல மனிதர், கேட்டால் கடனுக்குச் சீனியும் கேளாமல் செய்தியும் தருகிறவர்.

அவருடைய வரவேற்பறையில் இரண்டு தொலைக்காட்சிகள். பெரியது கடையில் வாங்கியது. சின்னது, ஜெர்மன்காரர் பழைய சாமான்களை வீதியோரம் எடுத்து வைக்கும் நாளில் கண்டெடுத்தது. பெரியதில் ஜெர்மன் செய்தி சத்தத்தோடு ஓடும், சின்னதில் ஆங்கிலச் செய்தி சத்தமில்லாமல் ஓடும், இரண்டிலும் விளம்பரம் வந்தால் உடனே தமிழ்ச் செய்திக்குத் தாவுவார். ஜெர்மன் அவருக்குப் பாதி விளங்கும், ஆங்கிலம் கால்வாசி விளங்கும், தமிழ்ச் செய்தியில் இரண்டு பேர் சண்டை பிடிப்பதால் அதுவும் முழுக்க விளங்காது. விளங்காத இடங்களை அவரே நிரப்புவார். எங்களுக்கு வந்து சேருவது அந்த நிரப்பிய பகுதிதான்.

ஒரு மனிதன் எதை நெடுநேரம் பார்க்கிறானோ அதைப்போலவே பேசத் தொடங்கிவிடுகிறான். அண்ணை சாதாரணமாகப் பேசி நான் கேட்டு வருடக்கணக்காகிறது. அறைக்குள் வந்தால் "இப்ப கிடைச்ச செய்தி" என்று தொடங்குவார். அது பஸ் பிந்தியதாக இருக்கலாம், கீழ்வீட்டு நாய் குட்டி போட்டதாக இருக்கலாம். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லி, நாலாவது தடவை "இப்பதான் எங்களோட இணைஞ்சவைக்காகத் திரும்பச் சொல்லுறன்" என்பார். அறையில் யாரும் புதிதாக வந்திருக்கமாட்டார்கள். நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனால் "திரும்பி வாங்கோ, எங்கேயும் போயிடாதேங்கோ" என்பார். ஒருநாள் பிறேமா அக்கா குசினியிலிருந்து "மீன் முடிஞ்சுது, பருப்போட சாப்பிடுங்கோ" என்றார். அண்ணை கண்ணைத் திருப்பாமலே கேட்டார்: "அது உறுதிப்படுத்தின தகவலோ?"

"சட்டியைத் திறந்து பாருங்கோ. நேரில போய்ப் பாத்து அறிவிக்கிறதெண்டால் எழும்பி வரவேணும்."

அவர் எழும்பவில்லை. நேரில் போய்ப் பார்ப்பது அந்த இனத்துக்குப் பழக்கமில்லாதது. இரண்டாயிரத்து இரண்டில் எல்பே ஆறு பெருகி கிழக்கு ஜெர்மனி தண்ணீருக்குள் கிடந்தபோது, டிரெஸ்டன் நகரத்தில் இருந்த மரியரட்ணத்தைத் தன் நிருபராக நியமித்தார். மணிக்கொரு தடவை அழைப்பு. "அங்க நிலைமை என்ன?" என்று கேட்பார். "அண்ணை, நான் இருக்கிறது நாலாம் மாடி, அதுவும் மேட்டில. நீங்கள் டீவியில பாக்கிறதைத்தான் நானும் பாக்கிறன்" என்பார் மரியரட்ணம். அது எங்களிடம் வரும்போது 'நேரில் நிற்கும் மரியரட்ணம் சொல்லுறார், நிலைமை தொலைக்காட்சியில் காட்டுற அளவுக்கு மோசம்' என்று மாறியிருக்கும். பொய்யென்று சொல்ல முடியுமா?

இதைவிடப் பெரிய கூத்து இரண்டாயிரத்து ஐந்தில் நடந்தது. சித்திரையில் புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு அண்ணை தவம் கிடந்தார். வெள்ளைப் புகை என்றால் பாப்பரசர் தெரிவாகிவிட்டார், கறுப்பென்றால் இன்னும் இல்லை. புகை வந்தது. அன்றைக்கென்று பார்த்து, கறுப்பா வெள்ளையா என்று உரோமாபுரியில் நின்றவர்களுக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அண்ணைக்குப் பிடிபட்டது. கறுப்பு என்று ஒன்பது வீட்டுக்கும், வெள்ளை என்று பதினொரு வீட்டுக்கும் அறிவித்தார். பிறகு அந்த ஒன்பது வீட்டுக்கும் எடுத்து, "நிலைமை மாறிக்கொண்டிருக்குது எண்டு நான் சொன்னதுதானே" என்றார். அதே பாப்பரசர் ஆவணியில் கொலோனுக்கே வந்தார். ரைன் ஆற்றில் கப்பலில் போனார். எங்கள் வீட்டிலிருந்து கரைக்கு ஒரு ட்ராம் தூரம். பிறேமா அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய், சனத்துக்குள் நசுங்கி நின்று, வெள்ளை உடுப்பை ஒரு கணம் கண்டு, கண்ணீரோடு திரும்பி வந்தார். வீட்டில் செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன் இருந்த அண்ணை அனுதாபத்தோடு கேட்டார்: "அங்க நிண்டு என்னத்தைக் கண்டனியள்? எனக்கு மோதிரம்கூடத் தெரிஞ்சுது."

இப்படியெல்லாம் கேலி செய்துகொண்டு போகிறேனே, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. அதற்கு முந்தைய மார்கழியில் கடல் எழும்பி எங்கள் கரைகளை அள்ளிக்கொண்டு போனபோது அவரை ஒருவரும் கேலி செய்யவில்லை. முல்லைத்தீவில் ஆர் இருக்கிறார்கள், ஆர் இல்லை என்று எந்த நாட்டுத் தொலைக்காட்சியும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜேசுரட்ணம் அண்ணை சொன்னார். முகாம்களுக்கு எடுத்து, வன்னியில் ஒரு பாதிரியாரைப் பிடித்து, பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, இரண்டு தடவை சரிபார்த்து, பிறகுதான் உரிய வீட்டுக்கு எடுத்தார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். அவசரமே இல்லாத குரல். அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது, தான் சொல்லப்போவது ஒரு வீட்டின் தலையில் விழும் என்று. பிறகு ஏன் மறந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, தேர்தலுக்கு வருவோம். இந்த இனத்துக்குத் திருவிழா அதுதானே?

இரண்டாயிரத்து ஐந்து புரட்டாதியில் ஜெர்மனியில் பொதுத் தேர்தல். அண்ணைக்கு அதில் வாக்கு இல்லை. அவர் இன்னும் ஜெர்மன் குடியுரிமை எடுக்கவில்லை. உலகத்தில் எந்த நாட்டுத் தேர்தலிலும் அவருக்கு வாக்கு இல்லை, ஆனால் எந்தத் தேர்தலும் அவருடைய கணிப்பு இல்லாமல் நடந்ததுமில்லை. ஹோக்ரெக்னுங் என்று ஜெர்மன்காரர் சொல்வார்கள், கொஞ்ச வாக்கை எண்ணிவிட்டு மிச்ச வாக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதை. ஜெர்மன் மொழியில் அண்ணைக்கு மிகவும் பிடித்த சொல் அது. பாண் கடையில் நாலு பேர் வரிசையில் நின்றால் அதில் யார் யார் எந்தப் பாண் வாங்குவார்கள் என்று ஹோக்ரெக்னுங் போடுவார்.

அவருக்கு வாக்கு இருந்த ஒரே தேர்தல் எங்கள் நலன்புரிச் சங்கத் தேர்தல். அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். மண்டபம் அன்றைக்குத்தான் சும்மா கிடக்கிறது என்று செயலாளர் கனகலிங்கம் திகதி குறித்துவிட்டார். நாட்டில் வேறொரு தேர்தல் இருப்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையாம். அண்ணை சொன்னதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

சங்கத்துக்கு இரண்டு அறைகள். முன்னறையில் கூட்டம், கலை விழா, பெண் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு. பின்னறையில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு. அந்த வகுப்பைத் தொடங்கியவர் கலாதேவி அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் மொழியில் நடத்தும் கணக்கையும் கட்டுரையையும் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாத தாய் தகப்பன்களின் பிள்ளைகளுக்காக, இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் கவிசா என்ற பிள்ளையைப் பிடித்துவந்து அமர்த்தியிருந்தார். சுஜீவா அந்த வகுப்புக்குத்தான் போனாள். அவள் அப்போதுதான் நாலாம் வகுப்பு தொடங்கியிருந்தாள். இந்த நாட்டில் நாலாம் வகுப்பு என்றால் என்னவென்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். பாதி ஆண்டு முடியும்போது ஆசிரியை ஒரு சிபாரிசு எழுதுவார். பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் கிம்னாசியமா, நடுவில் நிற்கும் பள்ளியா, கடைசிப் பள்ளியா என்று பத்து வயதுக் குழந்தையை அந்தச் சிபாரிசு பிரித்துவிடும். சுஜீவா கெட்டிக்காரி, ஆனால் பின்னக் கணக்கு வந்தால் மூச்சு முட்டும். கவிசாவிடம் போகத் தொடங்கிய பிறகுதான் அந்த மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது.

தலைவர் பதவிக்குக் கலாதேவி அக்காவை எதிர்த்து நின்றவர் தபோதரன். கெட்டவரல்ல. ஒலிபெருக்கி, மேடை விளக்கு வாடகைக்கு விடுகிறவர். சங்கத்துக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் இல்லாததுதான் தமிழினத்தின் முதல் குறை என்று நம்புகிறவர். வென்றால் பின்னறையில் ஸ்பீக்கர்களை அடுக்குவதாகப் பகிரங்கமாகவே சொல்லியிருந்தார். "பிள்ளையள் வீட்டிலயும் படிக்கலாம், ஸ்பீக்கரை வீட்டில வைச்சால் மனுசி ஏசுவா" என்பது அவருடைய கொள்கை விளக்கம்.

ஆக, கலாதேவி அக்கா வென்றால் வகுப்பு இருக்கும், தோற்றால் இராது. ஜேசுரட்ணம் அண்ணை கலாதேவி அக்கா வெல்ல வேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்தினார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர் மனசார விரும்பினார்.

அன்றைக்கு மழை. காலைப் பூசை முடிந்த கையோடு குடையும் தேத்தண்ணிப் போத்தலுமாக மண்டப வாசலில் வந்து நின்றுவிட்டார். வாக்குப் போட்டுவிட்டு வெளியே வரும் ஒவ்வொருவரையும் மறித்து ஒரே கேள்வி: "ஆருக்குப் போட்டனீங்கள்?"

தொலைக்காட்சிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பது ஜெர்மன்காரரிடம். எங்கள் ஆட்களிடமா இப்படிக் கேட்பது? நாங்கள் எப்போதாவது ஒருவருடைய முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லியிருக்கிறோமா? கலியாணத்துக்கு அழைத்தால், அன்றைக்கு இரவு வேலை என்று தெரிந்துகொண்டே "ஓம் ஓம், கட்டாயம் வாறம்" என்கிறோம். வயிறு காய்ந்துகொண்டிருக்கும்போது "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்" என்கிறோம். வாசலில் நிற்பவரோ சுஜீவாவின் தகப்பன். அந்தப் பிள்ளை கலாதேவி அக்காவின் வகுப்புக்குப் போவது ஊருக்கே தெரியும். மனிதர் மழையில் நனைந்துகொண்டு, முகமெல்லாம் எதிர்பார்ப்பாக நிற்கிறார். அவரிடம் போய்த் 'தபோதரனுக்குப் போட்டேன்' என்று சொல்ல எங்களுக்கு வாய் வருமா?

"கலாதேவி அக்காவுக்குத்தான் அண்ணை, வேற ஆருக்கு?"

"இதென்ன கேள்வி அண்ணை, பிள்ளையளின்ர விசயமெல்லோ."

தபோதரனின் மச்சானும் அப்படித்தான் சொன்னார். தபோதரனின் கடையில் வேலை செய்யும் இரண்டு பெடியன்களும் சொன்னார்கள். கடைசியில் தபோதரனே வெளியே வந்தார். அண்ணை அவரையும் விடவில்லை. "அக்காவுக்குத்தான் அண்ணை!" என்று தபோதரன் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அண்ணை அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மதியத்துக்கு முன்பே ஹோக்ரெக்னுங் தயார். வாக்களிப்புக்கு இன்னும் பாதிப் பொழுது கிடக்கிறது. அண்ணை ஹண்டி என்கிற கைத்தொலைபேசியை எடுத்தார். முதல் அழைப்பு லெவர்குசனில் இருக்கும் அம்பிகாவுக்கு. அம்பிகா வீட்டில் மட்டும் நாலு வாக்கு. அதோடு அக்கம்பக்கத்தாரையும் தன் வானில் ஏற்றிவருவதாகக் கலாதேவி அக்காவிடம் சொல்லியிருந்தார்.

"அம்பிகா, இப்ப கிடைச்ச செய்தி. அக்கா வெண்டிட்டா!"

"என்னண்ணை, எண்ணி முடிஞ்சுதோ?"

"எண்ணுறது சும்மா ஒரு சடங்கு. பத்துக்கு ஒன்பது பேர் அக்காவுக்குத்தான். தபோதரனே அக்காவுக்குப் போட்டிருக்கிறான்!"

"அப்ப நாங்கள் இந்த மழைக்குள்ள மினக்கெட்டு வரத் தேவையில்லைப் போல."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன சொல்லியிருப்பான்? 'வாங்கோ' என்று ஒரு சொல். அண்ணை அதற்குள் அடுத்த இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

செய்தி காதில் விழுந்து கலாதேவி அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்குக் கோபமில்லை, பயம்.

"ஜேசு அண்ணை, உங்களைக் கும்பிட்டன், இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. வெண்டிட்டன் எண்டு கேள்விப்பட்டால் சனம் வராமல் விட்டிடும்."

"அக்கா, சனத்துக்கு அறியிற உரிமை இருக்கு."

"அறியிறதுக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லையே அண்ணை!"

இதற்கு உலகத்தில் எந்தச் செய்தி நிலையமும் பதில் சொன்னதில்லை. அண்ணை மட்டும் சொல்லிவிடுவாரா? "எங்கட கணிப்பு பிழையாப் போகாது" என்று தோளில் தட்டாத குறையாக அக்காவை உள்ளே அனுப்பிவைத்தார்.

செய்தி கலாதேவி அக்காவின் ஆட்களுக்கு மட்டுமா போனது? தபோதரனின் பக்கத்துக்கும் போனது. வெல்கிறவர்கள் வீட்டில் போர்த்துக்கொண்டு படுத்தார்கள், தோற்கிறவர்கள் சப்பாத்தைக் கொழுவினார்கள். பின்னேரம் பொன் நகரத்திலிருந்தும் டூரனிலிருந்தும் வான் வானாக ஆட்கள் வந்து இறங்கினார்கள், ஸ்பீக்கர் கட்டும் வான்கள்தான், உள்ளே ஸ்பீக்கருக்குப் பதில் வாக்காளர்கள். அண்ணை அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "வாக்களிப்பு வீதம் கூடுது. இது அக்காவுக்குச் சாதகம்."

பெட்டியை மூடி எண்ணத் தொடங்கியதும் அண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு மணிக்கு ஜெர்மன் தேர்தலின் முதல் கணிப்பு வரும். எங்கள் சங்கத்து முடிவு அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய செய்தி. பிறேமா அக்காவையும் மகளையும் எண்ணுவதைப் பார்க்க விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருத்தி, "நீங்கள் இண்டைக்கு எங்கட சிறப்பு விருந்தினர்" என்று ஒரு தேத்தண்ணியும் தந்தார்.

ஆறு மணி. திரையில் வண்ணத் தூண்கள் எழும்பின. வாரக்கணக்காகக் கருத்துக் கணிப்புகள் பெரிய வெற்றி என்று சொல்லிவந்த கட்சியின் தூண் பாதியில் நின்றுவிட்டது. நிலையத்தில் இருந்த அறிஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கிட்டத்தட்டச் சமம். அன்றிரவு இரண்டு பக்கமும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டன, நினைவிருக்கிறதா?

அண்ணைக்கு வந்ததே கோபம்! "பாத்தீங்களே, சனம் பொய் சொல்லியிருக்கு! கேட்டவனுக்கு ஒண்டு, பெட்டிக்குள்ள ஒண்டு! உந்தக் கணிப்பு எடுத்தவங்களுக்காவது மூளை வேண்டாமே? வாயில வந்ததை அப்பிடியே நம்பிறதோ? முதல் வாக்கை எண்ணு, பிறகு கதை!"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். வேறென்ன செய்வது?

அப்போது கதவு திறந்தது. பிறேமா அக்கா நனைந்த குடையை மடக்காமலே உள்ளே வந்தார். பின்னால் சுஜீவா.

"கலாதேவி அக்கா தோத்திட்டா."

"சீச்சீ, இருக்காது. எங்கட கணிப்பின்படி..."

"ஆறு வாக்கு. ஆறே ஆறு வாக்கால. அம்பிகா வீட்டில இருந்து ஒரு குஞ்சும் வரேல்லை. எடுத்துக் கேட்டன். 'அண்ணைதானே வெண்டாச்சு எண்டவர்' எண்டு சொல்லிப்போட்டு அவ அழுறா."

அண்ணை தொலைக்காட்சிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு அந்த இனத்துக்கே உரிய அந்தத் திருப்பத்தை எடுத்தார். நடந்தது தனக்கு நடக்காததுபோல, எங்கோ தூரதேசத்தில் நடந்ததுபோல ஒரு குரல். "வாக்காளர் ஏன் வரேல்லை எண்டு நாங்கள் ஆழமா ஆராய வேணும். மழை ஒரு காரணம். பிரச்சாரத்தில ஒரு தொய்வு இருந்தது..."

"நீங்கள் போட்டனீங்களோ?"

பிறேமா அக்கா கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"என்னது?"

"வாக்கு. காலைமை தொடக்கம் வாசல்ல நிண்டனீங்கள். உள்ள போய் உங்கட வாக்கைப் போட்டனீங்களோ?"

பெரிய தொலைக்காட்சியில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணை ரிமோட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். உலகத்துத் தேர்தல் அத்தனையிலும் அவருக்கென்று இருந்த ஒரே ஒரு வாக்கு, கனகலிங்கத்தின் மேசையில் மடிக்கப்படாமல் கிடந்துவிட்டது.

சுஜீவா ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்றாள். "அப்பா, அப்ப சனிக்கிழமை கவிசா அக்கா வரமாட்டாவோ?"

"அது இன்னும் உறுதியாகேல்லையம்மா" என்றார் அண்ணை.

காலையிலிருந்து உறுதியாகாத ஒவ்வொன்றையும் ஊருக்கெல்லாம் உறுதியாகச் சொன்ன மனிதர், உறுதியாகிவிட்ட ஒன்றை அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் துணியவில்லை. நான் எழும்பினேன். எங்கேயும் போயிடாதேங்கோ என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் பின்னறையில் ஸ்பீக்கர்கள் வந்து குவிந்தன. கலாதேவி அக்கா வேறு இடம் தேடி அலைந்தார். தேவாலயத்தில் கேட்டார், நூலகத்தில் கேட்டார், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். கவிசாவும் வாழ வேண்டுமே, சனிக்கிழமைகளில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னக் கணக்கு வந்தால் சுஜீவாவுக்குப் பழையபடி மூச்சு முட்டியது.

அண்ணை திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? மார்கழியிலேயே அறிவித்துவிட்டார், மகளுக்குக் கிம்னாசியம்தான் என்று. டிரெஸ்டனுக்கும் லெவர்குசனுக்கும் பாரிசுக்கும் போனது செய்தி. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை சிரித்த முகத்தோடு கைகொடுத்தாராம், அதை வைத்து ஹோக்ரெக்னுங். அந்தச் செய்தி போன ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சுஜீவாவுக்கு வாழ்த்து வந்தது. தொலைபேசியைக் கையில் கொடுத்தால் "தாங்ஸ் மாமி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை தன் அறைக்குள் போய் இருந்துகொள்ளும். தன் சோதனைத் தாள்களில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்தானே?

தை மாதக் கடைசியில் சிபாரிசு வந்தது. கிம்னாசியம் இல்லை.

அதை அண்ணை அறிந்தது எப்படி என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பள்ளியால் வந்த சுஜீவா, புத்தகப் பையைக்கூட இறக்காமல், வேலையால் வந்து கை கழுவிக்கொண்டிருந்த தாயைத் தேடிக் குளியலறைக்குள் போனாள். கதவைப் பூட்டினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் தாயும் மகளும் என்ன பேசினார்கள், எவ்வளவு அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணை, வடக்கே எங்கோ பனியில் சிக்கி நின்ற ஒரு ரயிலை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த பயணிகளுக்குச் சூடான சூப் கிடைத்துவிட்டதா என்ற கவலை அவருக்கு.

சில நாள் கழித்து அம்பிகா எடுத்து, "பறவாயில்லை அண்ணை, பிள்ளை பிறகு மாறிப் படிக்கலாம்தானே" என்று ஆறுதல் சொன்னார். "என்னத்தைச் சொல்லுறீர்?" என்று அண்ணை கேட்டாராம். மறுமுனையில் அம்பிகா சட்டென்று பேச்சை மாற்றினாராம். பிறேமா அக்கா சொல்லி லெவர்குசனுக்குத் தெரிந்திருந்தது, கீழ்மாடியில் எனக்குத் தெரிந்திருந்தது, பாரிசுக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. அன்றைக்கு அண்ணை என் வீட்டுக்கு இறங்கி வந்தார். என் கதிரையில் இருந்தார். என் ரிமோட்டைக் கையில் எடுத்தார், அழுத்தாமலே திரும்ப வைத்தார்.

"எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை?" என்று கேட்டார் கடைசியில்.

அவர்மேல் எனக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது. மனசுக்குள் ஒரு பதில் இருந்தது: உங்களுக்குச் சொன்னால் அது செய்தியாகிவிடும் அண்ணை, அந்தப் பிள்ளைக்கு அது வாழ்க்கை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய தொலைக்காட்சியின் சத்தம் கேட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை வாசிக்கத் தொடங்கி இரண்டாம் பந்தி முடிவதற்குள்ளேயே "ஆ, இது எங்கட இன்னாரெல்லோ!" என்று உங்களுக்கு ஒரு பெயர் வந்துவிட்டதே, கதை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டா அந்தப் பெயரை முடிவு செய்தீர்கள்? பக்கத்திலிருந்தவரிடம் அதைச் சொல்லியும் இருப்பீர்கள். இன்னும் சொல்லாவிட்டால் இப்போது தொலைபேசியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேடுங்கள், எடுங்கள், சொல்லுங்கள், உங்களை மறிக்க நான் யார்? போகிற வழியில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருக்கிறதா? குழாய் ஓடுகிறதா?